கோயில் கிணத்துல பெட்ரோல் வாடை – ஒரே ஒரு போர்ஹோல் போட்டுட்டு "பாதிப்பு இல்லை"ன்னா நம்பலாமா?

தாமான்வாசி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நெகிரி செம்பிலான்ல பகாவ்லேர்ந்து இன்னும் உள்ள தள்ளி இருக்கிற ஒரு தோட்டத்து டவுன்லேர்ந்து எழுதறேன். ஊர் பேரு வேணாம், ஆளுங்களுக்குத் தொந்தரவு வரும். எங்க சிம்பாங்ல (முச்சந்தில) ஒரு பழைய எண்ணெய் ஸ்டேஷன் இருந்துச்சு, மூடி பல வருஷமாச்சு, பம்ப்பையெல்லாம் கழட்டிட்டுப் போயிட்டாங்க ஆனா அடியில டேங்க் அப்படியேதான் கிடக்கு. அதுக்குப் பின்னாடி நிலம் சரிவு. சரிவுல பழைய லயத்தை (தோட்டத்து வரிசை வீடுங்களை) உடைச்சுக் கட்டின எங்க தாமான் (குடியிருப்பு), அதுக்குக் கீழ மாரியம்மன் கோயில், கோயிலோட சிமெண்ட் வளையம் போட்ட கிணறு, அதுக்கும் கீழ பாரிட் (வாய்க்கால்), பாரிட்டைத் தாண்டுனா செம்பனை.

பிப்ரவரி வெயில்ல பைப் தண்ணி சரியா வரல. வழக்கம் போல எல்லாரும் கோயில் கிணத்துக்குப் போனோம், துணி துவைக்க, குளிக்க, சில வீட்டுல சமைக்கவும். பூசாரிதான் முதல்ல சொன்னாரு அபிஷேகத் தண்ணியில ஸ்டேஷன் வாடை அடிக்குதுன்னு. வாளியை இழுத்து வெயில்ல வெச்சா மேல கலர் கலரா படலம். புகார் பண்ணோம். நிலத்துக்காரங்க ஏப்ரல்ல ஒரு கம்பெனியைக் கூட்டியாந்து மெயின் ரோட்டு ஓரமா ஒரே ஒரு போர்ஹோல் போட்டு தண்ணி எடுத்துட்டுப் போய் "பாதிப்பு இல்லை"ன்னு ரிப்போர்ட் குடுத்துட்டாங்க. இப்ப அங்க கடை வரிசை கட்டப் போறாங்களாம். நல்ல மழை பேஞ்சதும் கிணத்து வாடையும் குறைஞ்சுடுச்சு, அதனால பாதி பேரு "அதான் போயிடுச்சே, விடு"ங்கறாங்க. எனக்கு மனசு ஒப்பல. விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

செம்பனைக்காடு எழுதியது:

தம்பி, முதல்ல அந்தப் படலம் எண்ணெய்தானான்னு பாத்துக்குங்க. நம்ம செம்மண்ணுல இரும்பு ஜாஸ்தி, பாரிட்ல தேங்கின தண்ணியில இரும்பு பாக்டீரியா போடற படலமும் அச்சு அசல் எண்ணெய் மாதிரியே மின்னும். ஒரு குச்சியை விட்டு கிழிச்சுப் பாருங்க. இரும்புப் படலம்னா உடைஞ்ச கண்ணாடி மாதிரி சில்லு சில்லா பிரிஞ்சு அப்படியே நிக்கும், ஒட்டாது. எண்ணெய்னா குச்சியை எடுத்த உடனே வழிஞ்சு வந்து மறுபடி சேர்ந்துக்கும்.

தாமான்வாசி எழுதியது:

இன்னைக்கு காலையில செஞ்சு பாத்தேன் அண்ணே. பாரிட்ல இருக்கிறது சில்லு சில்லா பிரியுது, ஒட்டவே இல்ல. கிணத்துல வளையத்தோட ஓரத்துல மெல்லிசா ஒரு படலம் இருக்கு, அதை வாளியில மொண்டு குச்சி விட்டா உடனே சேர்ந்துக்குது. அப்ப கிணத்துல இருக்கிறது எண்ணெய்தான்.

லோரிக்காரன் எழுதியது:

நான் டேங்கர் ஓட்டினவன், ஸ்டேஷன்ல எண்ணெய் இறக்கறதுதான் வேலை. ஓட்டை விழறதுன்னா டேங்க் அடிப்பக்கம் துருப்பிடிச்சு விழறது மட்டும்னு நெனைக்காதீங்க. பழைய டேங்க் ஒரே சுவர் இரும்பு, அது ஒரு பக்கம். பைப் ஜாயின்ட்டு, இறக்கற வாய்கிட்ட வருஷக்கணக்கா கொஞ்சம் கொஞ்சமா சிந்தினது, பம்ப்புக்கு அடியில இருக்கிற இணைப்பு, இதெல்லாமும் சேர்ந்துதான். அதுலயும் எந்த மாதிரி பம்ப்புன்னு கேளுங்க. மேலேர்ந்து உறிஞ்சற பழைய மாடல்னா பைப்ல ஓட்டை இருந்தா காத்தை இழுக்கும், எண்ணெய் டேங்க்குக்குத் திரும்பிடும். டேங்க்குக்குள்ள மோட்டார் வெச்சு தள்ளற மாடல்னா அதே ஓட்டை வழியா எண்ணெய் மண்ணுக்குள்ள பீச்சி அடிக்கும், பம்ப் ஓடற நேரம் பூரா.

இன்னொண்ணு, "தினமும் குச்சி விட்டு அளந்தோம், கணக்கு சரியா இருந்துச்சு, அதனால ஒழுகல"ன்னு சொல்லுவாங்க. அது செல்லாது. பெட்ரோல் சூட்டுக்கு விரியும் சுருங்கும். 20,000 லிட்டர் இருக்கிற டேங்க்ல ஒரு டிகிரி மாறினா கிட்டத்தட்ட 19 லிட்டர் வித்தியாசம் காட்டும். அமெரிக்காவுல மாசாந்திர சோதனை கண்டுபிடிச்சே ஆகணும்னு வெச்சிருக்கிற ஒழுகல் அளவு மணிக்கு 0.2 கேலன், அதாவது ஒரு நாளைக்கு 18 லிட்டர். வருஷத்துக்குக் கணக்குப் போட்டா 6,600 லிட்டர். அவ்ளோ ஒழுகினாலும் தினசரி குச்சிக் கணக்குல ஒரு டிகிரி சூட்டுக்குள்ள மறைஞ்சு போயிடும். அதனால மாசக் கணக்குல தொடர்ந்து குறையுதான்னு பாக்கணும், பழைய டிப் புத்தகம் (குச்சி அளவு எழுதி வைக்கற நோட்டு) இருந்தா வாங்குங்க.

மண்ணும்தண்ணியும் எழுதியது:

தாமான்வாசி தம்பி, நான் ரொம்ப வருஷமா மண்ணு தண்ணி சோதனை வேலையில இருக்கேன், ஸ்டேஷன் சைட்டுங்கதான் அதிகம். உங்க ரிப்போர்ட்டுல நம்பரைப் பாக்கறதுக்கு முன்னாடி ரெண்டே விஷயத்தைப் பாருங்க, எங்க எடுத்தாங்க, எப்ப எடுத்தாங்க. நீங்க சொல்றதை வெச்சுப் பாத்தா ரெண்டுமே தப்பு.

எங்கன்னா, மெயின் ரோட்டு ஓரம் மேட்டுப் பக்கம். நிலம் பின்னாடி பாரிட்டைப் பாத்து சரியுது. நிலத்தடி தண்ணியும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் போகும். அப்ப அந்தப் போர்ஹோல் டேங்க்குக்கு மேல்பக்கம் இருக்கு, டேங்க்லேர்ந்து எது ஒழுகினாலும் அங்க வராது. அந்தத் தண்ணி சுத்தமா இருக்குங்கறதுக்கு ஒரே அர்த்தம்தான், ரோட்டுப் பக்கத்துலேர்ந்து எதுவும் வரல. டேங்க்கைப் பத்தி அது ஒரு வார்த்தை சொல்லல. மேல்பக்கம் ஒரு கிணறு தேவைதான், ஒப்பிட்டுப் பாக்க. ஆனா அது மட்டும் இருந்தா அது விசாரணையே இல்ல.

தண்ணி எந்தப் பக்கம் போகுதுன்னு தீர்மானிக்க குறைஞ்சது மூணு மானிட்டரிங் வெல் (தண்ணியைக் கண்காணிக்கற சின்னக் கிணறு) வேணும், ஒரே கோட்டுல இல்லாம முக்கோணமா. ஒவ்வொரு பைப்போட வாய் உயரத்தையும் சர்வேயர் வெச்சு ஒரே அளவுக்குறிலேர்ந்து மில்லிமீட்டர் கணக்குல எடுக்கணும், தரையிலேர்ந்து டேப் போட்டு அளந்தா போதாது, தரையே ஏத்த இறக்கமா இருக்கே. மூணு இடத்துலயும் தண்ணி மட்டம் என்ன உயரம்னு தெரிஞ்சா எது மேல எது கீழன்னு கணக்கு வந்துடும். ஒரு கிணத்தை வெச்சு யாராலயும் திசை சொல்ல முடியாது.

அடுத்து எப்ப. இதைக் கொஞ்சம் நிதானமா படிங்க, ஊர்ல "மழை வந்தது, வாடை போச்சு"ன்னு சொல்றவங்களுக்கும் காட்டுங்க. பெட்ரோல் தண்ணியை விட லேசு, லிட்டருக்கு முக்கால் கிலோகிட்டதான் வரும். அதனால மண்ணுக்குள்ள இறங்கி தண்ணி மட்டத்துக்கு வந்ததும் அதுக்கு மேல பரவும். வெயில் காலத்துல தண்ணி மட்டம் இறங்கும்போது எண்ணெயும் கூடவே இறங்கி வழிஞ்சு கிணத்துக்குள்ள வரும், உங்களுக்கு பிப்ரவரில வாடை அடிச்சது அதான். மழையில தண்ணி மட்டம் ஏறும்போது அந்த எண்ணெய் மண்ணு இடுக்குல துளித் துளியா மாட்டிக்கிட்டு தண்ணிக்கு அடியில முழுகிடும். மேல ஒண்ணும் தெரியாது. எங்கயும் போகல, அங்கேயே இருந்து பென்சீனைக் கரைச்சு விட்டுக்கிட்டே இருக்கும். அடுத்த வெயிலுக்கு மறுபடி வரும். அதனாலதான் தண்ணி ஏறின காலம் ஒரு தடவை, வத்தின காலம் ஒரு தடவைன்னு ரெண்டு பருவத்துலயும் எடுக்கச் சொல்றோம்.

கிணறு எப்படி போட்டாங்கன்னும் கேளுங்க. அடியில ஓட்டை போட்ட பைப் பகுதி இருக்கும், ஸ்கிரீன்னு சொல்லுவோம், அது தண்ணி மட்டத்துக்கு மேலயும் கீழயும் ரெண்டு பக்கமும் இருக்கணும். ரொம்ப ஆழத்துல ஸ்கிரீன் வெச்சா மிதக்கற எண்ணெய் உள்ள வரவே வழி இல்லாம போயிடும். சுத்தமா இருக்கிற மாதிரி காட்டும்.

கடைத்தெரு எழுதியது:

எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் அந்த மாதிரி டவுன்ல ஸ்டேஷன் பக்கத்துல மோட்டார் பட்டறை ரெண்டு மூணு இருக்கும். மின்யாக் ஈத்தாமை (கறுப்பு என்ஜின் எண்ணெய்) நேரா லொங்காங்ல (சாக்கடையில) ஊத்துவாங்க. அதை விட்டுட்டு ஸ்டேஷனைப் பிடிச்சுத் தொங்கினா எப்படி? கடை வரிசை வந்தா ஊருக்கு நல்லதுதானே, பத்து பேருக்கு வேலை கிடைக்கும்.

இன்னொண்ணும் யோசிங்க. அந்தக் கோயில் நிலத்துக்கு கிராண்ட் (பட்டா) இருக்கா? தோட்டத்து நிலத்துல நிக்கிற கோயில்தான் நம்ம ஆளுங்களோடது பாதி. புகார் அது இதுன்னு போனா கிணத்தை மூடறேன்னு வந்து கோயிலையே நகத்தச் சொல்லிட்டா என்ன பண்ணுவீங்க?

லேப்_அக்கா எழுதியது:

பட்டறையா ஸ்டேஷனாங்கறதை வாக்குவாதம் பண்ணித் தீர்க்க வேண்டியதில்ல, லேப்ல தெரிஞ்சுடும். பெட்ரோல்ல இருக்கிறது சின்னச் சின்ன மூலக்கூறு, கார்பன் 4லேர்ந்து 12 வரைக்கும். டீசல் 10 கிட்ட தொடங்கி 20ஐத் தாண்டிப் போகும். என்ஜின் ஆயில் இன்னும் கனம், பெரும்பாலும் 20க்கு மேலதான். கிரோமட்டோகிராம்னு ஒரு கோட்டுப் படம் வரும், மேடு எந்தப் பக்கம் நிக்குதுன்னு பாத்தாலே எது எதுன்னு சொல்லிடலாம். கூடவே பென்சீன், டொலுவீன், எத்தில்பென்சீன், சைலீன் நாலும் கேளுங்க. இந்த நாலும் தூக்கலா இருந்தா அது பட்டறை எண்ணெய் இல்ல.

ஆனா மாதிரி எடுக்கறது ஒழுங்கா இருக்கணும். மினரல் வாட்டர் பாட்டில்ல பாதி நிரப்பி காடில (கார்ல) வெச்சு எடுத்துட்டு வர்றாங்க, நான் கண்ணால பாத்திருக்கேன், அதுல பென்சீன் எல்லாம் மேல இருக்கிற காத்துக்குப் போயிடும், லேப்ல "இல்லை"ன்னு வரும், எல்லாரும் சந்தோஷமா வீட்டுக்குப் போவாங்க. சரியான முறை என்னன்னா 40 மில்லி கண்ணாடிக் குப்பி, உள்ள கொஞ்சம் ஆசிட் போட்டிருக்கும், அதைக் கழுவக் கூடாது, தண்ணியை ஓரமா மெதுவா விட்டு விளிம்புக்கு மேல மேடு கட்டற வரைக்கும் நிரப்பி மூடணும். மூடி கவுத்துத் தட்டிப் பாத்தா ஒரு குமிழி கூட வரக் கூடாது, வந்தா அந்தக் குப்பியை விட்டுட்டு புதுசு எடுக்கணும். உடனே ஐஸ்ல வைக்கணும், 14 நாளைக்குள்ள சோதிக்கணும். எடுக்கறதுக்கு முன்னாடி கிணத்துப் பைப்ல தேங்கின பழைய தண்ணியை இறைச்சுத் தள்ளணும். சுத்தமான கிணத்துலேர்ந்து தொடங்கி கடைசியாத்தான் அழுக்குக் கிணத்துக்கு வரணும், இல்லன்னா கயிறு, பெய்லர் (தண்ணி மொள்ற குழல்) வழியா இங்கேர்ந்து அங்க ஒட்டிக்கும். லேப்ல நிரப்பின சுத்தத் தண்ணிக் குப்பி ஒண்ணு திறக்காமலே கூடப் போய்க் கூடத் திரும்பி வரணும், டிரிப் பிளாங்க்னு பேரு. அதுலயும் பென்சீன் வந்தா வழியிலயே கலந்திருக்குன்னு அர்த்தம், மொத்த நம்பரையும் சந்தேகப்படணும்.

வாடையைப் பத்தி ஒரு வார்த்தை. பென்சீன் மனுஷனுக்குப் புற்றுநோய் வர வைக்கும்னு உறுதியான பொருள். குடிதண்ணியில உலக சுகாதார நிறுவனம் வெச்சிருக்கிற வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். அதே பென்சீன் தண்ணியில வாடை தெரியணும்னா 10 மில்லிகிராம் கிட்ட இருக்கணும். ஆயிரம் மடங்கு. பெட்ரோல்ல இருக்கிற மத்த சாமான்லாம் சேர்ந்து முன்னாடியே வாடை காட்டலாம், அது வேற. ஆனா வாடை இல்ல அதனால குடிக்கலாம்னு யாரும் முடிவு பண்ணிடாதீங்க, தயவு செஞ்சு. சின்னப் பிள்ளைங்க, வயித்துப் பிள்ளைக்காரி எல்லாம் இருக்கிற தாமான் அது.

தாமான்வாசி எழுதியது:

அக்கா, கொதிக்க வெச்சா போயிடும்னு இங்க நிறைய பேரு சொல்றாங்க. அப்புறம் ஃபில்டர் போட்டா?

லேப்_அக்கா எழுதியது:

கொதிக்க வெச்சா கிருமிதான் சாகும். பென்சீன் ஆவியாகி தண்ணியிலேர்ந்து சமையல்கட்டு காத்துக்கு வரும், அதை அம்மா மூக்குல இழுப்பாங்க. எவ்ளோ போச்சு எவ்ளோ மிச்சம்னு தெரியவும் வழி இல்ல. கார்பன் ஃபில்டர் பிடிக்கும், ஆனா நிறைஞ்சு போச்சுன்னா ஒண்ணும் சொல்லாம அப்படியே விட்டுடும், சோதனை பண்ணிக்கிட்டே இருக்கணும். குடிக்க, சமைக்க, குளிக்க எதுக்கும் வேணாம். சுடுதண்ணியில குளிச்சாலும் ஆவிதான். ரிசல்ட் வர வரைக்கும் கிணத்தைப் பூட்டுங்க, அபிஷேகத்துக்கு பைப் தண்ணி எடுங்க.

லோரிக்காரன் எழுதியது:

அக்கா சொன்னதோட இதையும் சேத்துக்குங்க, அவசரம். பெட்ரோல் ஆவி காத்தை விட கனம், மூணு நாலு மடங்கு. பள்ளத்துல, கிணத்துக்குள்ள, மூடின லொங்காங்ல போய் உக்காந்துக்கும். காத்துல 1.4 சதவீதம் சேர்ந்தாலே நெருப்புப் பிடிக்கும். கிணத்தடியில சூடம் ஏத்தறது, விளக்கு வைக்கறது, அதுக்கு மேல குனிஞ்சு சிகரெட் பத்த வைக்கறது எல்லாத்தையும் நிறுத்துங்க. கிணத்துக்குள்ள யாரும் இறங்கி சுத்தம் பண்ணக் கூடாது. வீட்டு லொங்காங்ல, பாத்ரூம் ஓட்டையில வாடை வந்துச்சுன்னா யோசிக்கவே வேணாம், ஜன்னலைத் திறந்துட்டு வெளிய வந்து 999 அடிங்க, போம்பாவுக்கு (தீயணைப்புப் படைக்கு) அதை அளக்கற மீட்டர் இருக்கு.

தாமான்வாசி எழுதியது:

பூசாரிகிட்ட இப்பவே போய் சொல்லிட்டேன். கிணத்து மேடையில இருந்த விளக்கை முன் மண்டபத்துக்கு மாத்திட்டாரு. ஜாலி போட்டு பூட்டும் போட்டாச்சு.

பழைய_கிராணி எழுதியது:

பிள்ளைங்களா, எனக்கு வயசு எழுபத்து மூணு. நெகிரில ஒரு தோட்டத்துல ஆபீஸ் கிராணியா இருந்து ஓய்வு பெற்றவன். இந்த இழையைப் படிச்சதும் எழுதணும்னு தோணிச்சு.

போர்ஹோல் போடறதுக்கு முன்னாடி காகிதத்தைத் தோண்டுங்க. அந்தக் காலத்துல தோட்டத்து ஸ்டோர்லயும் டிராக்டருக்கும் ஜெனரேட்டருக்கும் தரைக்கு அடியில டீசல் டேங்க் வெச்சிருந்தாங்க. ஸ்டோரை இடிச்சுட்டு கட்டடம் மாத்தும்போது டேங்க்கை எடுக்காம மேல மண்ணைப் போட்டு மூடிட்டுப் போன இடங்களை நானே பாத்திருக்கேன். உங்க ஸ்டேஷனுக்கு முன்னாடி அந்த இடத்துல என்ன இருந்துச்சுன்னு பழைய தண்டல்கிட்ட (கங்காணிகிட்ட) கேளுங்க, தோட்டத்து வரைபடம் ஆபீஸ்ல இருக்கும், மஜ்லிஸ் டேராவுல (மாவட்ட மன்றத்துல) ஸ்டேஷன் கட்ட அனுமதி வாங்கின பிளான் இருக்கும். அதுல டேங்க் எத்தனை, எங்க, பைப் எந்த வழின்னு போட்டிருக்கும். தாமான் கட்டறதுக்கு முன்னாடி லயத்துலேர்ந்து பாரிட்டுக்குப் போன பழைய சாக்கடைக் குழாய் எங்க புதைஞ்சிருக்குன்னும் கேளுங்க. லயத்துக்கெல்லாம் சுட்ட மண் குழாய்தான் போட்டிருப்பாங்க, சுத்தி மணலைக் கொட்டித்தான் மூடுவாங்க.

கடைத்தெரு தம்பி கோயில் நிலத்தைப் பத்திச் சொன்னது நியாயமான பயம். நான் அதை லேசா எடுத்துக்க மாட்டேன், எத்தனை கோயில் இடம் மாறிச்சுன்னு எண்ணி மாளாது. அதுக்கு ஒரு வழி இருக்கு. புகாரைக் கோயில் பேருல குடுக்காதீங்க. தாமான் குடியிருப்பாளர் சங்கம் பேருல குடுங்க, கிணறு பாதிக்கப்பட்ட இடம்னு எழுதுங்க. ஒழுகினது ஸ்டேஷன், கோயில் இல்ல. அதுக்காகப் பேசாம இருந்து பிள்ளைங்களுக்கு அந்தத் தண்ணியைக் குடுக்கறது அம்மனுக்கே அடுக்காது.

மண்ணும்தண்ணியும் எழுதியது:

ஐயா சொன்ன அந்த சாக்கடைக் குழாய் விஷயம் தங்கம். ஏன்னு ஒரு கணக்குல காட்டறேன்.

தண்ணி மண்ணுக்குள்ள போற வேகம் மூணைப் பொறுத்தது. மண்ணு எவ்ளோ தண்ணி விடும், சரிவு எவ்ளோ, இடுக்கு எவ்ளோ. முதல் ரெண்டையும் பெருக்கி மூணாவதால வகுத்தா வேகம். நம்ம செம்மண் களி ஒரு நாளைக்கு 0.1 மீட்டர்னு வெச்சுக்குங்க, சரிவு 0.02, இடுக்கு 0.2. வர்றது நாளைக்கு ஒரு சென்டிமீட்டர், வருஷத்துக்கு மூணரை மீட்டர் சொச்சம். ஸ்டேஷன்லேர்ந்து கோயில் 60 மீட்டர்னா 16 வருஷம் ஆகும். இப்ப அதே சரிவுல மணல் போட்டு மூடின பழைய குழாய்ப் பள்ளம் ஒண்ணு இருந்தா, மணல் நாளைக்கு 5 மீட்டர் விடும்னு போட்டா, ஒரு நாளைக்கு அரை மீட்டர். 60 மீட்டருக்கு நாலே மாசம். இந்த எண்ணெல்லாம் உதாரணத்துக்குத்தான், உங்க மண்ணுக்கு அங்கேயே சோதிக்கணும். ஆனா வித்தியாசம் ஐம்பது மடங்கு, அதைத்தான் பாக்கணும். எண்ணெய் களியில நேரா வராது, சுலபமான வழி எங்க இருக்கோ அங்க வரும். அதனால போர்ஹோல் போடற இடத்தை அந்தப் பழைய குழாயைப் பாத்து வைக்கணும், பிளான்ல அழகா இருக்கேன்னு நாலு மூலைக்கு நாலு போடறது வேலைக்கு ஆகாது.

முதல்ல கை ஆகரால (கையால சுத்தி மண்ணைத் துளைக்கற கருவி) தோண்டி ஒவ்வொரு அரை மீட்டர் மண்ணையும் பிளாஸ்டிக் பையில போட்டுக் கட்டி கொஞ்ச நேரம் வெச்சுட்டு பிஐடிங்கற ஆவி அளக்கற கருவியோட மூக்கை உள்ள விட்டுப் பாக்கலாம், ஆவி எவ்ளோன்னு நம்பர் காட்டும். செலவு கம்மி, ஒரு நாள்ல எந்தப் பக்கம் கனம்னு தெரிஞ்சுடும். அப்புறம் அதை வெச்சு மானிட்டரிங் வெல் போடலாம். புதைஞ்ச டேங்க் சந்தேகம் இருந்தா தரை ரேடார் வெச்சு ஓட்டலாம், ஆனா ஈரக் களியில ரேடார் ஆழம் போகாது, அதனால இரும்பைக் கண்டுபிடிக்கற கருவியும் சேர்த்து எடுத்துட்டு வரச் சொல்லுங்க.

கிணத்துத் தண்ணி வெளிய எடுத்து வெச்சா கொஞ்ச நேரத்துல துரு கலர் ஆகுதா? அதையும் கவனிச்சு எழுதி வைங்க. பெட்ரோலைத் தின்ற பாக்டீரியா ஆக்சிஜனை முடிச்சுட்டு மண்ணுல இருக்கிற இரும்பைப் பிடிக்கும், இரும்பு கரைஞ்சு தண்ணியோட வரும், வெளிய காத்து பட்டதும் துருவாகும். செம்மண்ல தானாவும் இரும்பு வரும், அதனால அதை மட்டும் வெச்சு முடிவு பண்ண முடியாது, மேல்பக்கக் கிணத்தோட ஒப்பிட்டுப் பாத்தா அர்த்தம் வரும்.

குளுவாங்_தம்பி எழுதியது:

இதெல்லாம் யாரு காசு குடுப்பா அண்ணே? எங்க பக்கமும் இப்படி ஒரு மூடின ஸ்டேஷன் இருக்கு, அதான் கேக்கறேன். சட்டத்துல ஏதாச்சும் இருக்கா?

மண்ணும்தண்ணியும் எழுதியது:

இருக்கு. 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டம், 24ஆவது பிரிவு மண்ணைக் கெடுக்கறதுக்கு, 25ஆவது பிரிவு உள்நாட்டு நீர்நிலைக்கு. 2024ல திருத்தி அபராத உச்ச வரம்பை 10 மில்லியன் வெள்ளி வரைக்கும் ஏத்தியிருக்காங்க. ஜபாத்தான் ஆலாம் செகித்தார் (சுற்றுச்சூழல் துறை), சுருக்கமா ஜேஏஎஸ், 2009ல மாசுபட்ட நிலத்துக்குன்னே மூணு வழிகாட்டி வெளியிட்டிருக்காங்க. முதலாவதுல எந்தப் பொருள் எவ்ளோ இருந்தா மேல விசாரிக்கணும்னு அளவு, ரெண்டாவதுல எப்படி ஆய்வு பண்ணி எப்படி ரிப்போர்ட் எழுதணும்னு, மூணாவதுல எப்படி சுத்தம் பண்ணணும்னு. உங்க கையில இருக்கிற ரிப்போர்ட்டை ரெண்டாவது வழிகாட்டியோட பக்கத்துல வெச்சுப் படிங்க. நிலத்தோட வரலாறு எங்க, தண்ணி ஓட்டத் திசை எங்க, மாதிரி எடுத்த முறை எங்கன்னு கேளுங்க. காசு நிலத்துக்காரங்களும் ஸ்டேஷன் நடத்தினவங்களும்தான் குடுக்கணும், ஊர் மக்கள் இல்ல.

டேங்க்கைத் தோண்டி எடுக்கற நாளைத் தவற விடாதீங்க. அதை விட நல்ல சந்தர்ப்பம் வராது. டேங்க் கிடந்த குழியில ரெண்டு முனைக்கு அடியிலயும் பைப் போன வழி பூராவும் மண்ணு எடுக்கணும், கான்கிரீட் ஊத்தறதுக்கு முன்னாடி. கடை கட்டிட்டா அப்புறம் தரையை உடைக்க யாரும் விடமாட்டாங்க, ஆவி கடைக்குள்ளயே ஏறும். அந்த எண்ணெய் மண்ணு ஜட்வல் கழிவு (சட்டம் பட்டியல் போட்ட அபாயக் கழிவு), குறியீடு எஸ்டபிள்யூ 408, அனுமதி உள்ள லோரிலதான் ஏத்தணும், அனுமதி உள்ள இடத்துக்குத்தான் போகணும். நெகிரில புக்கிட் நானாஸ்லயே அப்படி ஒரு பெரிய நிலையம் இருக்கு. செம்பனைக்குள்ள ரோடு மேடு போடறேன்னு கொண்டு போய்க் கொட்ட விடாதீங்க, லோரி நம்பரைப் போட்டோ எடுத்து வைங்க.

கடைத்தெரு எழுதியது:

சரி, கான்கிரீட்டுக்கு அப்புறம் ஆவி கடைக்குள்ள வரும்னு எனக்குத் தெரியாது. நானே அங்க ஒரு லாட் எடுக்கலாம்னு இருந்தேன். கடை வாங்கப் போறவங்களும் சேர்ந்து கேட்டா இன்னும் பலமா இருக்கும், நான் ரெண்டு மூணு பேர்கிட்ட பேசறேன்.

செம்பனைக்காடு எழுதியது:

2019 ஜூலையில சுங்கை சிலாங்கூர்ல டீசல் கலந்தப்ப சுத்திகரிப்பு நிலையத்தையே மூடினாங்க, கிள்ளான் பள்ளத்தாக்கு பூரா தண்ணி இல்லாம தவிச்சாங்க, டிவில பேப்பர்ல அதே பேச்சு. நம்ம தோட்டத்துக் கிணத்துல கலந்தா நாமதான் சத்தம் போடணும், வேற யாரும் வரமாட்டாங்க. விடாதீங்க தம்பி.

தாமான்வாசி எழுதியது:

கொஞ்சம் இடைவெளி விட்டு எழுதறேன், மன்னிக்கணும், அலைச்சல். சங்கத்துப் பேருல புகார் குடுத்தோம், கூடவே கடை லாட் வாங்கப் போறவங்க கையெழுத்தும் சேர்ந்துச்சு. கிராணி ஐயா சொன்ன மாதிரி பழைய தண்டல் ஒருத்தரைத் தேடிப் பிடிச்சோம், அவரு நேரா நடந்து போய் தாமான் பின் ரோட்டுல ஒரு இடத்தைக் காலால தட்டிக் காட்டினாரு, "இதுக்குக் கீழதான் லயத்துக் குழாய், பாரிட்டுக்குப் போகும்"னு. அது கோயில் கிணத்துலேர்ந்து நாலு எட்டு தூரம்.

ஜேஏஎஸ் ஆளுங்க வந்து பாத்துட்டு மறுபடி ஆய்வு பண்ணச் சொல்லிட்டாங்க. இந்தத் தடவை மூணு கிணறு. ஒண்ணு ரோட்டுப் பக்கம், ஒண்ணு டேங்க்குக்குப் பின்னாடி அந்தக் குழாய் வழியில, ஒண்ணு கோயிலுக்கு மேல. சர்வேயர் உயரம் எடுத்தாரு. தண்ணி மட்டம் 48.62, 48.10, 47.35 மீட்டர். கை ஆகர் போட்டப்ப டேங்க்குக்குப் பின்னாடி ரெண்டு மீட்டருக்குக் கீழ மண்ணு சாம்பல் கலந்த பச்சையா மாறிச்சு, சுத்தி எல்லாம் செகப்பு அது மட்டும் அந்தக் கலர், பையைத் திறந்த உடனே வாடை மூக்குல ஏறிச்சு. அந்தக் கிணத்துல ஒரு கருவியை இறக்கினாங்க, எண்ணெய்க்கு ஒரு சத்தம் தண்ணிக்கு ஒரு சத்தம் வருமாம், முதல்ல எண்ணெய்ச் சத்தம்தான் வந்துச்சு. 11 சென்டிமீட்டர்னு எழுதினாங்க.

மண்ணும்தண்ணியும் எழுதியது:

48.62லேர்ந்து 47.35. கோயிலைப் பாத்துதான் இறங்குது, சந்தேகமே இல்ல. முதல் ரிப்போர்ட்டோட போர்ஹோல் மேல்பக்கம்தான்னு இப்ப கணக்கே சொல்லுது, அதை ஜேஏஎஸ் கடிதத்துல ஒரு வரியா எழுதச் சொல்லிக் கேளுங்க.

மண்ணு பச்சைச் சாம்பலா மாறினது ஆக்சிஜன் முடிஞ்சு இரும்பு கழண்டு போனதால. ஒழுகல் நேத்து முந்தாநாள் தொடங்கினது இல்லன்னு அது காட்டுது. 11 சென்டிமீட்டரைப் பாத்து பதறவும் வேணாம், அலட்சியமும் வேணாம். பைப்புக்குள்ள சேர்ற கனம் மண்ணுக்குள்ள இருக்கிறதை விட அதிகமாத்தான் காட்டும், அதை அப்படியே பெருக்கி இத்தனை ஆயிரம் லிட்டர்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க. ஆனா மிதக்கற எண்ணெய் இருக்குன்னாலே முதல்ல அதை உறிஞ்சி எடுக்கணும், அது இருக்கிற வரைக்கும் தண்ணியை எவ்ளோ இறைச்சாலும் சுத்தமாகாது. பாரிட்டுக்குப் போற முனையிலயும் ஒரு கிணறு கேளுங்க, குழாய் அங்கதானே முடியுது. பாரிட் தண்ணி எந்த ஆத்துல சேருதுன்னும் அந்த ரிப்போர்ட்ல வரணும்.

லேப்_அக்கா எழுதியது:

மாதிரி எப்ப எடுக்கறாங்க? பக்கத்துல நின்னு பாருங்க. எண்ணெய் மிதக்கற கிணத்துலேர்ந்து தண்ணி மாதிரி எடுத்து அந்த நம்பரை வெச்சு வாதாட முடியாது, எண்ணெய் கலந்துடும். அந்த எண்ணெயையே தனியா ஒரு குப்பி எடுத்து பெட்ரோலா டீசலான்னு பாக்கச் சொல்லுங்க, பழைய ஸ்டோர் டேங்க் பத்தின சந்தேகத்துக்கும் பதில் கிடைச்சுடும். கோயில் கிணத்துலேர்ந்தும் கண்டிப்பா எடுக்கணும்.

தாமான்வாசி எழுதியது:

வர்ற செவ்வாய்க்கிழமை காலையில எடுக்கறாங்க அக்கா. ரோட்டுப் பக்கக் கிணறு முதல்ல, டேங்க் பின்னாடி கடைசின்னு நானே கேட்டு உறுதி பண்ணிட்டேன். டிரிப் பிளாங்க் உண்டான்னு கேட்டேன், உண்டுன்னாங்க. பாரிட் முனையில நாலாவது கிணறு கேட்டு சங்கம் கடிதம் போட்டாச்சு, பிப்ரவரில மறுபடி எடுக்கணும்னும் அதுலயே எழுதிட்டோம். கோயில் கிணறு பூட்டியே இருக்கு, தண்ணி லோரி ரெண்டு நாளைக்கு ஒரு தடவை வருது. ரிசல்ட் வந்ததும் கிரோமட்டோகிராமை இங்க போடறேன், பாத்துச் சொல்லுங்க.